மேலே ஒரு கண், கீழே ஒரு கண்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என் விடுதித் தோழர். "அரை மணி நேரம்தான். கணக்கு போட்டுப் பயமுறுத்தாதே, சாப்பாட்டு நேரத்தையும் தாண்டாதே" என்று மேடை ஏறும்போதே காதில் சொல்லி அனுப்பினார். முதல் கட்டளையைக் காப்பாற்றுவேன். இரண்டாவதற்கு உத்தரவாதம் இல்லை.

நம் விடுதி மொட்டைமாடியில் நின்றால் கிழக்கே ஜவ்வாது மலை தெரியும். தேர்வுக்காலத்தில் விடிய விடியப் படித்துவிட்டு, அந்த மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்த நாட்கள் இங்கே பலருக்கும் நினைவிருக்கும். அந்த மலையில்தான் காவலூர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில், சந்தனமும் மற்ற காட்டு மரங்களும் சூழ்ந்த இடம். வைணு பாப்பு வான் ஆய்வகம் அங்கேதான். பிற்பாடு வேலை நிமித்தமாக அந்தப் பக்கம் போய்வரும்போதெல்லாம் ஆலங்காயத்தில் ஒரு டீக்கடையில் நிற்பேன். கடைக்காரப் பெரியவர் ஒருநாள் கேட்டார்: "ஏன் சார், அங்க இருக்கறவங்க எல்லாம் ராத்திரில நட்சத்திரம் பாக்கறவங்க. நீங்க சூரியனப் பத்தி படிக்கறேன்றீங்க. உங்களுக்கு அங்க இன்னா வேலை?"

நியாயமான கேள்வி. கேட்டவர் இன்று இல்லை. அன்று சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அவருக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காவலூரை உருவாக்கிய வைணு பாப்பு அடிப்படையில் நட்சத்திரக்காரர். ஆனால் 1960-இல் அவர் பொறுப்பேற்றது கொடைக்கானலில். அது சூரிய ஆய்வகம். 1901-இல் பார்வையைத் தொடங்கியது. 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தது அங்கேதான். 'எவர்ஷெட் விளைவு' என்று இன்றும் உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. கொடைக்கானலில் பகல் நன்றாக இருந்தது. இரவு வேலைக்கு வேறு இடம் வேண்டும் என்று பாப்பு தென்னாட்டில் தேடி, கடைசியில் காவலூரைப் பிடித்தார். 1960-களின் இறுதியில் ஒரு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் ஜேனா நகரிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

பாப்புவின் பெயரில் வழங்கும் 'வில்சன்-பாப்பு விளைவு' என்ன சொல்கிறது? நட்சத்திர ஒளியின் நிறமாலையில் கால்சியத்தின் 'கே' கோடு என்று ஒன்று உண்டு. அந்தக் கோட்டின் நடுவே தெரியும் ஒளிர்வின் அகலத்தை அளந்தால், அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லிவிடலாம். அதே கால்சிய 'கே' கோட்டு ஒளியில்தான் கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துவருகிறார்கள். சூரியனும் ஒரு நட்சத்திரம்தானே! பகலில் பார்ப்பவரும் இரவில் பார்ப்பவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பெரியவருக்கு இது பதிலில் பாதி.

மீதிப் பாதி, தரையில் இருப்பவனும் விண்ணில் இருப்பவனும் சேர்ந்து பார்ப்பது பற்றியது. இதில் காவலூருக்கு இரண்டு பழைய கதைகள் உண்டு. இரண்டும் சூரியனைப் பற்றியவை அல்ல. ஆனாலும் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை.

1972 ஜூன் 7. வியாழனின் பெரிய துணைக்கோளான கானிமீட், மங்கலான ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. ஒரு மீட்டர் தொலைநோக்கி அப்போதுதான் வந்திருந்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் ஜாவா தீவிலும் அதைப் பதிவு செய்தார்கள். நட்சத்திரம் சட்டென்று அணையாமல் கொஞ்சம் தயங்கி மறைந்ததால், கானிமீடுக்குக் காற்றுமண்டலம் உண்டு என்று அறிவித்தார்கள். 1979-இல் வாயேஜர் விண்கலம் அருகில் போய்ப் பார்த்தபோது அவ்வளவு காற்று அங்கே இல்லை என்றது. அடுத்து 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி, மிக மிக மெல்லிய ஆக்ஸிஜன் படலம் இருக்கிறது என்று காட்டியது. ஆக, தரையிலிருந்து சொன்ன அளவு தப்பு. ஆனால் 'ஏதோ இருக்கிறது, போய்ப் பாருங்கள்' என்ற தூண்டுதல் தப்பில்லை.

இரண்டாவது, 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்த இரவு. மறைப்பதற்கு முன்பாகவே காவலூர்க் கருவியில் ஒரு கணம் ஒளி குறைந்தது. இங்கிருந்தவர்கள் அது யுரேனஸின் புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று கருதி அப்படியே எழுதியும் விட்டார்கள். அதே நேரத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேல் பறந்த ஆய்வு விமானத்திலிருந்தும், ஆஸ்திரேலியாவிலிருந்தும், வேறு இடங்களிலிருந்தும் பதிவு செய்திருந்தார்கள். எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அவை வளையங்கள் என்று தெரிந்தது! ஒருவர் தனியாகப் பார்த்தால் நிலா, நாலு பேர் சேர்ந்து பார்த்தால் வளையம். 1986 ஜனவரி 24-இல் வாயேஜர்-2 யுரேனஸைக் கடந்தபோது, வளையங்களை எங்கே தேடவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

சூரியனுக்கு வருவோம். மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அதான் மேலே விண்கலம் போயாச்சே, இன்னும் எதுக்கு சார் மலைமேல உக்காந்து பாக்கணும்?"

ஏன் மேலே போனோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். சூரியனைச் சுற்றி கரோனா என்ற ஒளிவட்டம் இருக்கிறது. சூரிய வட்டத்தின் பிரகாசத்தில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். நம் தலைக்கு மேலுள்ள வானமே, நீலமாக இருக்கும்போதுகூட, சூரிய ஒளியைச் சிதறடித்து அதை அமுக்கிவிடுகிறது. அதனால்தான் நம் முன்னோடிகள் முழுக் கிரகணத்துக்காகப் பெட்டி படுக்கையோடு ஊர் ஊராகப் போனார்கள். கிடைப்பதோ சில நிமிடம். அதிலும் மேகம் வந்துவிட்டால் அவ்வளவுதான். புற ஊதாக் கதிர்களையும் எக்ஸ் கதிர்களையும் நம் காற்றுமண்டலம் கீழே விடுவதே இல்லை. விடாமலிருப்பதால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம். ஆனால் ஆய்வாளனுக்கு அது மூடிய கதவு.

அதனால் 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி57 ராக்கெட்டில் ஆதித்யா எல்-1 புறப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர். 2024 ஜனவரி 6-இல் அது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் பக்கமாக, எல்-1 என்ற புள்ளியைச் சுற்றும் பாதையில் சேர்ந்தது. (தேதியைக் கவனியுங்கள். 1986-இல் காவலூரின் பெரிய தொலைநோக்கி, 2.34 மீட்டர் ஆடி கொண்டது, திறந்துவைக்கப்பட்டதும் ஜனவரி 6-தான். தற்செயல்தான். இருந்தாலும் எனக்கு ஒரு சந்தோஷம்.) ஆதித்யாவில் ஏழு கருவிகள். அவற்றில் பெரியது, கரோனாவைப் பார்க்கும் 'வெல்க்'. அதைச் செய்தது, காவலூரையும் கொடைக்கானலையும் நடத்துகிற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம். ஓசகோட்டையில் உள்ள அவர்களுடைய வளாகத்தில் உருவானது. வெல்க் சூரிய வட்டத்தைத் தானே மறைத்துக்கொண்டு, செயற்கையாக ஒரு கிரகணத்தை உண்டாக்கி, ஓயாமல் கரோனாவைப் பார்க்கிறது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2024 ஏப்ரல் 8-இல் அமெரிக்காவில் முழு சூரிய கிரகணம். உலகமே அண்ணாந்து பார்த்தது. ஆதித்யாவுக்குக் கிரகணமே கிடையாது! நிலா பூமியிலிருந்து நாலு லட்சம் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆதித்யா 15 லட்சம் கிலோமீட்டரில். அதன் பார்வையில் நிலா முதுகுக்குப் பின்னால். நம் ஆளுக்கு தினமும் கிரகணம், நிஜக் கிரகணம் மட்டும் இல்லை.

சரி, இவ்வளவு இருந்தும் கீழே ஆள் எதற்கு? வெல்க் சூரிய வட்டத்தை மறைத்துவிடுகிறது என்றேன் அல்லவா? கரோனாவிலிருந்து ஒரு பெரும் வாயுக் குமிழ் பிய்த்துக்கொண்டு கிளம்பினால், அதை விளிம்புக்கு வெளியே வந்த பிறகு வெல்க் அருமையாகக் காட்டும். ஆனால் அது எந்தப் புள்ளிக்கூட்டத்திலிருந்து கிளம்பியது, அங்கே காந்தப்புலம் எப்படி முறுக்கிக்கொண்டிருந்தது என்பது வட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆதித்யாவிலேயே வட்டத்தைப் புற ஊதாவில் படமெடுக்கும் 'சூட்' கருவி இருக்கிறது. புனேயில் செய்தது. ஆனால் சூரியப் பரப்பின் காந்தப்புலத்தை அளக்கும் கருவி ஆதித்யாவில் இல்லை. அதில் உள்ள காந்தமானி தன்னைக் கடந்துபோகும் புலத்தைத்தான் அளக்கும். பரப்பின் காந்தப்புலத்துக்கு உதய்ப்பூர் ஏரிக்குள் இருக்கும் ஆய்வகம் போன்றவற்றையும் பிற நாட்டு விண்கலங்களையும் கேட்கவேண்டும். ஹைட்ரஜன் சிவப்பொளியில் தெரியும் நீண்ட கரும் இழைகளுக்குக் கொடைக்கானலைக் கேட்கவேண்டும். முந்தின நாள் வரை இருந்த இழை ஒன்று மறுநாள் காணாமல் போனால், அது எங்கே போயிற்று என்று மேலே உள்ளவனிடம் விசாரிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த கூட்டாளி கௌரிபிதனூர். கர்நாடகத்தில், பெங்களூருக்கு வடக்கே இருக்கிறது. அங்கே தொலைநோக்கிக் குழாய் எதுவும் கிடையாது. வயல்வெளியில் வரிசையாக ஆண்டெனாக் கம்பங்கள். சூரியன் வெளியிடும் ரேடியோ அலைகளை அது 40 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் கேட்கிறது. வெடிப்பின் அதிர்ச்சி அலை கரோனாவில் மேலே ஏற ஏற, வாயுவின் அடர்த்தி குறையும். அடர்த்தி குறையக் குறைய அது எழுப்பும் ரேடியோ ஒலியின் அதிர்வெண்ணும் இறங்கும். உச்சஸ்தாயியில் தொடங்கிக் கீழ்ஸ்தாயிக்கு இழுக்கும் ஆலாபனை மாதிரி. அது இறங்கும் வேகத்திலிருந்து அலையின் வேகத்தைக் கணக்கிடலாம். வெல்க் பார்ப்பது சூரிய மையத்திலிருந்து 1.05 முதல் 3 சூரிய ஆரம் வரை. கௌரிபிதனூர் கேட்பதும் ஏறக்குறைய அதே பகுதியில் தொடங்குகிற சத்தத்தை. ஒருவர் பார்க்கிறார், ஒருவர் கேட்கிறார். இடி மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று சின்ன வயதில் எண்ணிப் பார்ப்போமே, அதுபோல இரண்டையும் பொருத்தினால்தான் கணக்கு. இன்னும் கீழே, பத்துப் பதினைந்து மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ் இறங்கிவிட்டால் நம் அயனிமண்டலம் அதைத் தடுத்துவிடும். அங்கிருந்து மறுபடி விண்கலத்தின் வேலை.

இப்படிப் பொருத்துவதற்கு அடிப்படை நேரம். கடிகாரம். இங்கே நான் பட்ட அவமானத்தைச் சொல்லியாக வேண்டும்.

இளவயதில் ஓர் ஆய்வகத்தில் சூரியத் தொலைநோக்கியில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஆய்வகம் என்பது வேண்டாம், தப்பு என்னுடையது. அந்தக் காலத்தில் டில்லியிலிருந்து சிற்றலை வானொலியில் வரும் நேரக்குறிப்பைக் கேட்டுத்தான் கடிகாரத்தைச் சரிசெய்வோம். தினமும் காலையில் செய்து, பதிவேட்டில் எழுதவேண்டும். மூன்று நாள் வானம் மூடியிருந்தது. வானொலியிலும் ஒரே கரகரப்பு. 'பார்வையே இல்லை, கடிகாரம் எதற்கு' என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் திடீரென்று வானம் திறந்தது. கருவியைத் திருப்பிய பத்து நிமிடத்தில் அருமையான ஒரு வெடிப்பு! தொடக்கம் முதல் ஃபிலிமில் பிடித்தேன். என் வாழ்நாளில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒன்று சிக்கியதில்லை. சில மாதம் கழித்து, அதே வெடிப்பை எக்ஸ் கதிரில் பதிவு செய்த அமெரிக்கச் செயற்கைக்கோளின் அளவுகள் வந்தன. பொருத்திப் பார்த்தால் என் வெடிப்பு ஒன்றரை நிமிடம் முந்திக்கொண்டு நிற்கிறது. எக்ஸ் கதிருக்கு முன்னாலேயே கீழே ஒளிர்ந்தது என்றால் அது பெரிய செய்தி. கடிகாரம் ஓடியிருந்தது என்றால் அது வெறும் சோம்பேறித்தனம். எது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பதிவேட்டில் அந்த மூன்று நாள் கட்டமும் காலி. மூத்த அறிவியலாளர் பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மூடிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. அந்த ஃபிலிம் எந்தக் கட்டுரையிலும் வரவில்லை.

இன்று ஜி.பி.எஸ். கடிகாரம் இருக்கிறது, இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் மேலும் கீழும் பொருத்தும்போது ஒரு சின்னக் கணக்கு உண்டு. செயலாளர் மன்னிக்கவேண்டும், ஒரே ஒரு கணக்கு. ஆதித்யா சூரியனுக்கு 15 லட்சம் கிலோமீட்டர் அருகில் இருக்கிறது. ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஆக, நாம் பார்ப்பதற்கு 5 நொடி முன்பே அது பார்த்துவிடும். வெடிப்பின் தொடக்கத்தில் ஒரு நொடிக்குள் ஒளி ஏறி இறங்குவதை ஆராய்கிறவருக்கு இந்த 5 நொடி பெரிய விஷயம். இதுவே சூரியக் காற்று என்றால் கதை வேறு. நொடிக்கு 500 கிலோமீட்டரில் வந்தால், ஆதித்யாவைத் தாண்டி பூமியை அடைய 50 நிமிடம் ஆகும். ஆயிரம் கிலோமீட்டரில் வந்தால் 25 நிமிடம். மின்வாரியத்துக்கும் செயற்கைக்கோள் நடத்துபவர்களுக்கும் கிடைக்கும் உறுதியான எச்சரிக்கை அவ்வளவுதான். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாள் எச்சரிக்கை வேண்டுமானால், சூரியனில் கிளம்பும்போதே பிடித்தாகவேண்டும். 1989 மார்ச் 13-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சூரியப் புயலால் மின்சாரம் போய், சுமார் 60 லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள். 2024 மே 10, 11-இல் வந்தது, 2003-க்குப் பிறகு வந்த புயல்களிலேயே பெரியது. லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்ததை அங்கிருந்த கேமராக்கள் பதிவு செய்தன. ஆதித்யாவின் கருவிகளும் அந்தப் புயலைப் பதிவு செய்தன. அதே ஆண்டு ஜூலை 16-இல் கிளம்பிய வாயுக் குமிழ் ஒன்றை வெல்க் அதன் தொடக்கத்திலேயே பிடித்தது. வாயு பிய்த்துக்கொண்டு போன இடத்தில் கரோனா சில மணி நேரம் ஏறக்குறைய பாதியாக மங்கிக் கிடந்தது.

மேலே இருப்பவனே தொலைந்துபோனால்? அதுவும் நடந்திருக்கிறது. ஐரோப்பா-அமெரிக்கக் கூட்டு விண்கலமான சோஹோ 1995 டிசம்பர் 2-இல் ஏவப்பட்டது. அதுவும் எல்-1 வாசிதான். 1998 ஜூன் 25-இல் கட்டளைக் கோளாறால் தொடர்பு அறுந்து, எங்கே எப்படிக் கிடக்கிறது என்றே தெரியவில்லை. ஜூலை 23-இல் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் ரேடியோத் தட்டு அதை நோக்கி அலையை அனுப்பியது. கலிஃபோர்னியாவில் கோல்ட்ஸ்டோன் 70 மீட்டர் தட்டு எதிரொலியைப் பிடித்தது. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு சுற்று என்று மெதுவாகச் சுழன்றபடி அங்கேயே இருந்தது! சில வாரத்தில் உயிர்ப்பித்துவிட்டார்கள். அந்த அரெசிபோ தட்டு 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தபோது, சூரியக்காரர்கள் நாங்களும் வருந்தினோம். கடன் பட்டவர்கள் அல்லவா!

கீழே இருப்பவனின் குறைகளையும் மறைக்கக்கூடாது. இரவு வரும், மேகம் வரும். காவலூரில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நல்ல வானம் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மே வரைதான். இதற்கு மருந்து, உலகைச் சுற்றி ஆள் வைப்பது. 'கோங்' என்ற வலையமைப்பில் 1995 முதல் ஆறு இடங்கள்: கலிஃபோர்னியா, ஹவாய், ஆஸ்திரேலியா, நம் உதய்ப்பூர், கேனரித் தீவு, சிலி. ஒரிடத்தில் சூரியன் அஸ்தமித்தால் இன்னோரிடத்தில் உதயம்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வேறொன்று. விண்கலத்தின் ஆயுள் ஆண்டுக்கணக்கு. கொடைக்கானல் படங்களின் ஆயுள் நூற்றாண்டுக்கணக்கு. 1904 தொடங்கி கண்ணாடித் தகட்டிலும் ஃபிலிமிலும் எடுத்த கால்சியப் படங்களை எண்மப்படுத்தி வைத்திருக்கிறார்கள். சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சி ஒன்பதுக்கும் மேல் அதில் இருக்கிறது. ஆதித்யாவின் சூட் கருவியில் ஒரு வடிகட்டி கால்சியத்தின் 'ஹெச்' கோட்டுக்கு. 'கே' கோட்டின் இரட்டைப் பிறவி அது. இன்றைக்குக் கொடைக்கானலும் சூட்டும் ஒரே நாளில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், பழைய தகட்டில் கறுப்பு வெள்ளையாக இருப்பது உண்மையில் எவ்வளவு ஒளி என்று அளவிட ஒரு வழி கிடைக்கிறது. தாத்தா எழுதிய கணக்கு நோட்டை, படி மரக்கால் அளவிலிருந்து கிலோவுக்கு மாற்றுவது மாதிரி. புது விண்கலத்தால் பழைய சூரியனைப் பார்க்கிறோம். தினமும் காலையில் மலைமேல் ஓர் ஆள் கூரையைத் திறந்து ஒரு படம் எடுப்பதை 'வீண் செலவு' என்று சொல்பவர்களோடு நான் பல கூட்டங்களில் சண்டை போட்டிருக்கிறேன். இனியும் போடுவேன். ஒரு பத்தாண்டு விட்டுவிட்டால் அந்த ஓட்டையை எந்த ராக்கெட்டாலும் அடைக்கமுடியாது.

மாணவர்களுக்கு ஒரு செய்தி. ஆதித்யாவின் அளவுகளையும் கொடைக்கானல் படங்களையும் இணையத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். எங்கள் காலத்தில் ஒரு தகட்டைத் தொட்டுப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். உங்களுக்கு ஒரு கணினியும் பொறுமையும் போதும். நம் இயற்பியல் துறையில் இதை ஓர் இறுதியாண்டுத் திட்டமாக எடுக்கலாம் என்று துறைத்தலைவரிடம் இப்போதே மேடையில் வைத்துக் கேட்கிறேன். மறுக்க முடியாது பாருங்கள்.

பழைய மாணவர்களுக்கும் ஒன்று. நம்மில் பலர் வாணியம்பாடி, ஆலங்காயம், திருப்பத்தூர்ப் பக்கம் தொழில் நடத்துகிறோம், சிலர் உள்ளாட்சியில் இருக்கிறோம். தெருவிளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. விளக்குக்கு மேல்மூடி போட்டு, வெளிச்சம் தரைக்குப் போகும்படி செய்யுங்கள். மேலே போகிற வெளிச்சத்துக்கும் நாம்தான் மின்கட்டணம் கட்டுகிறோம். காவலூரின் இருட்டு ஆண்டுக்காண்டு குறைகிறது. மலைக்குக் கீழே இருக்கும் நம் கையில்தான் அது இருக்கிறது.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

(உரைக்குப் பின் இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி ஒருவர் கேட்டார்: "ஐயா, அந்த ஃபிலிம் இப்ப எங்க இருக்கு? கடிகாரம் எவ்வளவு ஓடியிருக்கும்னு வேற வழியில கண்டுபிடிக்க முடியாதா?" நான் சொன்ன பதில்: "அன்றைக்கே வேறு நாட்டு ஆய்வகங்களும் அதே வெடிப்பைப் பிடித்திருக்கலாம். ஒளி ஏறி இறங்கும் வடிவத்தை அவர்கள் படத்தோடு பொருத்தினால் என் கடிகாரத்தின் பிழை தெரிந்துவிடும். முப்பது வருடமாக எனக்கு இது தோன்றவில்லை, அம்மா. முகவரி தருகிறேன். ஃபிலிமின் பிரதி என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.")